ஆட்டோமேட்டிக் வாட்ச் அடிக்கடி நிற்கிறதா? பின்மூடியைத் திறக்குமுன் இதைப் பாருங்கள்

மன்னார்குடியில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வரும் பழைய ஆட்டோமேட்டிக்குகளில் (கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் வாட்ச்) பெரும்பாலானவை ஜப்பானின் சீகோ 5. கூத்தாநல்லூர், பொதக்குடி, முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து வருபவர்கள் "அத்தா சபுர்ல இருந்தப்ப வாங்குனது" (அப்பா வெளிநாட்டில் இருந்தபோது வாங்கியது) என்று கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவருவார்கள். அடுத்தபடியாக ஹெச்எம்டி. எல்லோருக்கும் புகார் ஒன்றுதான்: ராத்திரி கழற்றி வைத்தால் காலையில் நின்றுபோயிருக்கிறது. கூடவே தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள்: "ஸ்பிரிங்க மாத்திடுங்க."

அவசரப்பட வேண்டாம். மேட்டூரில் தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு வரவில்லை என்றால், அணையில் நீர் இல்லையா, வாய்க்காலில் அடைப்பா என்று முதலில் பார்ப்போம் இல்லையா? இங்கேயும் அப்படித்தான். ஸ்பிரிங்கில் சாவி ஏறவே இல்லையா, ஏறியும் மெஷின் அதை வைத்து ஓட முடியவில்லையா என்பதைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்குப் பைசா செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. சீகோவின் பின்மூடியில் 7009-3040 என்பது போல ஓர் எண் இருக்கும். கோட்டுக்கு முன்னால் உள்ள நான்கும் மெஷின் எண். 7009, 6309, 7எஸ்26 ஆகியவற்றில் கையால் சாவி கொடுக்க முடியாது. பக்கவாட்டுத் திருகைச் சுற்றிச் சுற்றி விரல்தான் வலிக்கும். ஒரு நாள் முழுக்க கையில் கட்டி நன்றாக நடமாடுங்கள். கழற்றுவதற்கு முன் வாட்சைப் படுக்கைவாட்டில் பிடித்து, சில நிமிடம் மெதுவாக வட்டமாக ஆட்டுங்கள். கையால் சாவி கொடுக்கக்கூடிய மாடலாக இருந்தால் திருகிலேயே முப்பது நாற்பது சுற்று கொடுத்துவிடலாம். அப்புறம் நேரம் குறித்துக்கொண்டு, டயல் மேலே பார்க்கும்படி மேசையில் வைத்துவிடுங்கள். யாரும் தொடக் கூடாது. விழித்திருந்து பார்க்க வேண்டியதில்லை. நின்ற நேரத்தை முள்ளே காட்டும், எந்த நாள் என்பதைத் தேதிக் கட்டம் சொல்லும். பகலா இரவா என்று தெரிய காலையிலும் மாலையிலும் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

இந்த மெஷின்கள் நல்ல நிலையில் சுமார் 40 மணி நேரம் ஓடும். வயதான வாட்ச் 35 ஓடினாலும் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு ஓடியும் தினமும் காலையில் நிற்கிறது என்றால், உங்கள் கை போதுமான அளவு அசையவில்லை. அரிசி ஆலைக் கணக்குப்பிள்ளை ஒருவர் வருவார். இடது கையைப் பேரேட்டின் மேல் பதித்துவிட்டால் மாலைவரை எடுக்க மாட்டார். அவர் வாட்சில் ஒரு கோளாறும் இல்லை. நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள் இந்தப் புகாரோடு வருவதே இல்லை.

ஆனால், நாள் முழுக்க நடமாடியும் இருபது மணி நேரத்துக்குள் நிற்கிறது என்றால் மூடியைத் திறக்கத்தான் வேண்டும். அதைக் கடையில் செய்யுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். மூடியின் உட்புறம் பிறை வடிவில் புதுக் கீறல் இருக்கிறதா? இருந்தால் ரோட்டர் (கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் அரைவட்டத் தகடு) உரசுகிறது: நடு ஸ்குரூ தளர்ந்திருக்கும், அல்லது பேரிங் தேய்ந்திருக்கும். கையை உதறினால் 'கடகட' என்று சத்தம் வருவதும் இதனால்தான். சீகோவில் ரோட்டருக்குக் கீழே இரண்டு நகம் கொண்ட மேஜிக் லீவர் இருக்கிறது. 1959-இல் வந்த ஏற்பாடு. ஒரு நகம் பல்லை இழுக்கும், இன்னொன்று தள்ளும். அதனால் ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஸ்பிரிங் ஒரே திசையில்தான் இறுகும். ரோட்டரை விரலால் மெதுவாக இப்படியும் அப்படியும் சுற்றச் சொல்லுங்கள். ஸ்பிரிங் பேரலின் (ஸ்பிரிங் சுருண்டிருக்கும் வட்ட டப்பா) மேலுள்ள பல்சக்கரம் இரண்டு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர வேண்டும். ரோட்டரின் ஒரு முழுச் சுற்றில் பாதிக்கு மட்டும் நகர்ந்து மீதிப் பாதியில் அசையாமல் நின்றால் ஒரு நகம் தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்கு அப்பியிருக்கிறது. சாவி பாதிதான் ஏறும்.

சாவி ஒழுங்காக ஏறுகிறது, ஆனாலும் ஓடவில்லை என்றால் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கலாம். ஆட்டோமேட்டிக்கின் ஸ்பிரிங் முனை பேரலில் மாட்டியிருக்காது. முழுக்க ஏறியதும் சுவரில் வழுக்கிக்கொடுக்கும். அந்தச் சுவருக்கென்று தனி கிரீஸ் உண்டு. கண்ட எண்ணெயைத் தடவியிருந்தால் பாதி ஏறும்போதே வழுக்கிவிடும். புது ஸ்பிரிங் போட்டும் பழைய கதைதான் என்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

எப்போதும் இரவு ஒன்பதுக்கும் விடியற்காலை மூன்றுக்கும் நடுவில் நிற்கிறதா? அந்த நேரத்தில் மெஷின் தேதியையும் கிழமையையும் தள்ளுகிறது. வலு குறைந்த வாட்ச் அந்தச் சுமையில் திணறி நின்றுவிடும். (இந்த நேரத்தில் திருகால் தேதியை மாற்றவும் கூடாது, பல் உடையும்.) தினமும் முள் ஒரே இடத்துக்கு வரும்போது நிற்கிறது என்றால், ஒரு முள் இன்னொன்றில் தட்டுகிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். நேரம் தவறி வேகமாக ஓடுவது வேறு வியாதி, பெரும்பாலும் காந்தம். அதற்கும் நிற்பதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

இதில் எதுவும் இல்லையென்றால் காய்ந்த எண்ணெய்தான். நம் ஊர் வியர்வைக்கும் ஐப்பசி ஈரத்துக்கும் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து கெட்டிப்பட்ட வாட்ச் தாங்காது. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை மெஷினை முழுக்கப் பிரித்துக் கழுவி எண்ணெய் விட வேண்டும். பிரிக்காமல் பெட்ரோலில் முக்கி எடுப்பது சர்வீஸ் இல்லை. தையல் மெஷின் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது பரவி, ஓட்டத்தைச் சீராக வைக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கை ஒட்டவைத்துவிடும். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் அரிசி மூட்டைக்குள் புதைத்துவைக்கும் வழக்கம் இங்கே உண்டு. அரிசிமாவுத் தூசி வேறு உள்ளே போகும். ஈரம் கண்ட அன்றே கடைக்குக் கொண்டுபோங்கள்.

ஹெச்எம்டி வைத்திருப்பவர்கள் மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையே மூடிய பிறகு, தேய்ந்த சக்கரம்கூட இன்னொரு மெஷினுக்கு அளவு பார்க்க உதவும். சர்வீஸ் முடிந்து வீட்டுக்குப் போனதும் அதே மேசைச் சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள். 30 மணி நேரம்கூடத் தாண்டவில்லை என்றால் தயங்காமல் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.