காதையும் கன்னத்தையும் பாருங்கள்: ஒட்டகம் வைத்திருப்பவர்களுக்கு

மாட்டோடு பழகிய கை ஒட்டகத்திடம் ஏமாறும். மாடு பெரும்பாலும் பின்னங்காலைத்தான் வீசும். ஒட்டகம் நாலு காலாலும், முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அடிக்கும். அதனால் நேர் முன்னால் நிற்காதீர்கள், பின்பக்கமும் போகாதீர்கள். குரல் கொடுத்துக்கொண்டே இடது தோள் பக்கமாகப் போய், தோளை ஒட்டி நில்லுங்கள். இல்லையா, நாலு மீட்டர் தள்ளியே இருங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் மேல்தான் உதை முழு வேகத்தில் விழும்.

அடிக்கும் முன் அது சொல்லிவிடும். தலை மேலே போகும், காது பின்னால் படியும், தொண்டை கரகரக்கும். அடுத்துக் கன்னம் புடைக்கும், கீழுதடு தளர்ந்து தொங்கும். வயிற்றிலிருந்து இரை மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். அது துப்புவது வெறும் எச்சில் அல்ல, பாதி செரித்த பச்சைக் கூழ். சட்டையில் பட்டால் நாற்றம் லேசில் போகாது. அந்த நேரத்தில் கயிற்றைச் சுண்டி இழுத்தால் காரியம் கெட்டது. தளர்த்திவிட்டு ஓரடி பக்கவாட்டில் விலகுங்கள். பல சமயம் இரையை மறுபடி விழுங்கிவிடும்.

மதம் பிடித்த ஆண் வேறு கதை. இந்தப் பருவம் குளிர் மாதங்களில் வரும். வாயோரம் இளஞ்சிவப்புப் பை ஒன்று பலூன் மாதிரி ஊதித் தொங்கும், நுரை வழியும், பிடரியில் கறுப்பாக ஏதோ கசியும், மூத்திரத்தை வாலால் முதுகில் அடித்துக்கொள்ளும். கோரைப்பல் எலும்பை நொறுக்கும். கீழே விழுந்தவரை நெஞ்சால் அழுத்தி நசுக்கும். எவ்வளவு சாதுவானது என்றாலும் அந்த மாதங்களில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது.

உண்மையில் ஒட்டகத்தின் முதல் தற்காப்பு ஓட்டம்தான். கட்டிப்போட்டதால் உதைக்கிறது. மங்கோலியாவிலும் சீனாவிலும் 1000-க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும் இரட்டைத் திமில் காட்டு ஒட்டகம், மனிதனைத் தூரத்தில் கண்டாலே ஓடிவிடும். ஓநாயிடமிருந்து ஓடலாம். சுரங்கத்திடமிருந்தும், வீட்டு ஒட்டகத்தோடு இனம் கலப்பதிலிருந்தும் எங்கே ஓடுவது?

தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன், டொங்காட் பக்கத்துக் கொட்டிலிலும் ஓடியோ உதைத்தோ தப்ப முடியாதவை உண்டு. முதலில் அரளி. பூசைக்குப் பூ வேண்டுமென்று வேலியோரம் நட்டிருப்போம். காய்ந்த இலையிலும் விஷம் இருக்கும். பத்திருபது இலையே ஒரு மாட்டைக் கொன்றுவிடும். வாடிய மாலையைக் கொட்டில் பக்கம் வீசாதீர்கள். அடுத்தது கோழித் தீவனம். அதில் கலக்கும் மோனென்சின், சாலினோமைசின் என்ற மருந்துகள் ஒட்டகத்தின் தசையையும் இதயத்தையும் கெடுக்கும், முறிமருந்தும் கிடையாது. நடை தள்ளாடி மூத்திரம் காப்பி நிறமானால் தீவனத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். தீவன மூட்டையின் சீட்டையும் காட்டுங்கள்.

சொறிக்கு 1 சதவீத ஐவர்மெக்டின், 50 கிலோ எடைக்கு 1 மில்லி, தோலுக்கடியில். இந்த மருந்து சொறிப் பூச்சியின் முட்டைகளைக் கொல்லாது. அதனால் 14 நாள் கழித்து இன்னொரு ஊசி தேவை. தொடும்போது கையுறை போடுங்கள், மனிதருக்கும் ஒட்டும்.

டர்பனுக்கு வடக்கே ஹ்லுஹ்லுவே பக்கம் செட்சே என்ற கடிக்கும் ஈ உண்டு, அது நகானா என்ற இரத்த ஒட்டுண்ணி நோயைப் பரப்பும். அங்கே ஒட்டகத்தைக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. அந்த நோய்க்கு மாட்டுக்குப் போடும் டிமினாசீன் ஊசி ஒட்டகத்துக்கு நஞ்சாகிவிடலாம். மருத்துவர் மாடும் நாயும் மட்டுமே பார்த்துப் பழகியவராக இருக்கலாம். ஊசியை எடுக்கும் முன் இதை நீங்களே சொல்லிவிடுங்கள்.