முதல் திரையிலேயே ‘ஆணா, பெண்ணா’ எதற்கு?

நடை, தண்ணீர், நேரத்துக்கு மாத்திரை என்று பழக்கத்தை மாற்றும் கேம்கள் செய்வதுதான் என் பிழைப்பு. போன வாரம் புதிதாகச் சேர்ந்த இருவர் ஒரு மாதிரியைக் காட்டினார்கள். முதல் திரையில் நீல வட்டம் ஒன்று, ரோஸ் வட்டம் ஒன்று. பத்து வருஷத்துக்கு முன் நான் வரைந்த அதே திரை! பட்டன் சின்னது, எழுத்துப் பிழை எல்லாம் நீங்களே பிடித்துவிடுவீர்கள், விடுங்கள்.

ஒரே பதிலை மூன்று வேலைக்கு வைப்பது

நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. என் முதல் நடை கேமில் ‘ஆண்’ என்றால் போட்டிப் பட்டியல். ‘பெண்’ என்றால் தோழிகளோடு வளர்க்கும் பூந்தோட்டம். சோதித்துப் பார்க்க வந்த ஓர் அக்கா மூன்றாம் நாளே கணக்கை அழித்துவிட்டு ‘ஆண்’ என்று மறுபடி சேர்ந்தார். “எனக்கு என் தம்பிய ஜெயிக்கணும். பூவ வெச்சு என்ன பண்றது?”

கலோரிக் கணக்கும் அதே பதிலைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. உடம்பு சும்மா இருந்தாலே நாளுக்கு எவ்வளவு கலோரி எரிக்கும் என்று கணக்கிடும் மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரத்தில் ஆணுக்கு 5 கூட்ட வேண்டும், பெண்ணுக்கு 161 கழிக்க வேண்டும். எடை, உயரம், வயது மாறாமலே அக்காவுக்கு நாளுக்கு 166 கலோரி கூடிவிட்டது. எடை குறைக்க வந்தவருக்குக் கிட்டத்தட்ட ஒரு தோசை!

கூத்து அதோடு முடியவில்லை. ‘ஆண்களுக்குப் போட்டி பிடிக்கிறது’ என்று அறிக்கை எழுதினோம். போட்டி பிடித்தவர்கள்தான் ‘ஆண்’ ஆகியிருந்தார்கள். அதை நம்பி இன்னொரு சுற்றுப் பணத்தையும் கொட்டினோம்.

திருநம்பி ஒருவர் அந்தத் திரையிலேயே நின்றுவிட்டார். “உடம்பக் கேக்குறீங்களா, என்னையக் கேக்குறீங்களா?” என்னிடம் பதில் இல்லை.

சூத்திரத்துக்கு வேண்டுமென்றால் கலோரித் திரையில், காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். தாண்டிப் போகவும் வழி விடுங்கள். போட்டியா, கூட்டா என்பதை ஆடுபவரே சொல்லட்டும். ஆண்தன்மை, பெண்தன்மை இரண்டையும் உளவியலாளர் சாண்ட்ரா பெம் 1974-லேயே தனித்தனி அளவுகோலாகப் பிரித்தார். ஒரே ஆளுக்கு இரண்டுமே தூக்கலாக இருக்கலாம்.

அவதாரத்தைப் பாலினத்தோடு பூட்டுவது

அவதாரம் என்பது ஆடுபவருக்காகத் திரையில் நிற்கும் உருவம். பூட்டாதீர்கள்.

‘மற்றவை’

தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை 2014-இல் உச்ச நீதிமன்றமே ஏற்றது. ஆண், பெண்ணுக்குக் கீழே மூன்றாவதாக வைக்கும் ‘மற்றவை’ மளிகைப் பட்டியலின் கடைசி வரிக்கு ஆகும், ஆளுக்கு ஆகாது.

விகுதிக்காகக் கேட்பது

‘நீங்கள் நடந்தீர்கள்’ என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. பட்டியலுக்கு ‘முந்திவிட்டார்’ போதும். இந்தியில் வினையே ஆள் பார்த்து மாறும். அந்தத் தலைவலி நமக்கு இல்லை.