ராத்திரி லேட்டா சாப்பிட்டா குண்டாகிடுவோமா? 7 மணி விதிக்காரர்கள் செய்யும் தவறுகள்

“மேடம், 7 மணிக்கு மேல பச்சைத் தண்ணிகூட தொடறதில்ல. ஆனா வெயிட் மட்டும் இறங்கவே மாட்டேங்குது.”

வேளச்சேரியில் உணவு ஆலோசனை சொல்லும் எனக்கு இது பழகிப்போன புகார். நடுராத்திரி பிரியாணி வேண்டாம் என்று எழுதப்போவதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். ஒழுங்காக இருக்க நினைப்பவர்கள் சறுக்கும் இடங்கள் வேறு.

பழியைக் கடிகாரத்தின் மேல் போடுவது

2022-ல் ‘செல் மெட்டபாலிசம்’ இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. போஸ்டனில் உடல் பருமனான 16 பேருக்கு அதே சாப்பாட்டை 4 மணி நேரம் தள்ளிக் கொடுத்தார்கள். பசி கூடியது, பசியை அடக்கும் லெப்டின் குறைந்தது, உடல் செலவழிக்கும் கலோரியும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அது சில நாள் சோதனைதான். எடை ஏறுகிறதா என்று மாதக்கணக்கில் பார்த்ததில்லை.

ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 30 பேர் 4 வாரம் காலையில் அதிகமாகவும், 4 வாரம் ராத்திரியில் அதிகமாகவும் சாப்பிட்டார்கள். மொத்தக் கலோரி ஒன்றுதான். இரண்டு முறையும் இறங்கிய எடை ஏறக்குறைய சமம், 3 கிலோவுக்குச் சற்று மேல். காலையில் அதிகம் சாப்பிட்டபோது பசி மட்டும் குறைவாக இருந்தது.

ஆக, நேரத்துக்கும் பங்கு உண்டு, பசியைக் கிளப்பிவிடுகிறது. எடையைத் தீர்மானிப்பது மொத்தக் கணக்கு.

ராத்திரி சாப்பாட்டையே விடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான்.

சிறுசேரியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. மத்தியானம் 1 மணிக்கு கேன்டீனில் சாப்பாடு, வீடு வந்து சேர 9:30. யாரோ சொன்ன 7 மணி விதிப்படி பார்த்தால், அந்த நேரத்தில் அவர் சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்பார். அதனால் டின்னரே கிடையாது. “அப்ப வீட்டுக்கு வந்து ஒண்ணுமே சாப்பிடறதில்லையா?” என்றேன்.

“ஒண்ணுமில்ல மேடம். ஒரு டம்ளர் பால். டிவி பார்க்கறப்ப கொஞ்சம் கடலை, கொஞ்சம் மிக்சர். அதெல்லாம் சாப்பாடா?”

ஆரஞ்சு பாக்கெட் பால் (கொழுப்பு அதிகமுள்ள ஆவின் பால்), சர்க்கரையோடு ஒரு டம்ளர்: 200 கலோரிக்கு மேல். 50 கிராம் கடலை 280. 50 கிராம் மிக்சர் 250-ஐத் தாண்டும். கூட்டினால் 700-க்கு மேல். மூன்று இட்லியும் சாம்பாரும் கொஞ்சம் சட்னியும் 350-க்குள் முடிந்திருக்கும், வயிறும் நிறைந்திருக்கும். டப்பாவில் கைவிட்டுச் சாப்பிடும்போது தட்டும் இல்லை, கணக்கும் இல்லை.

அவருக்குச் சொன்னது: 6 மணிக்கு ஆபீசிலேயே ஒரு கப் சுண்டல், வீட்டுக்கு வந்ததும் இரண்டு சப்பாத்தியும் கூட்டும். 9:30 ஆனாலும் பரவாயில்லை.

அவருக்காவது எடைதான் பிரச்சினை. சுகர் இருப்பவர்களுக்கு இது உயிரோடு விளையாட்டு. ஆதம்பாக்கத்து அம்மா ஒருவர் ஏதோ வீடியோ பார்த்து ராத்திரி சாப்பாட்டை நிறுத்தினார், மாத்திரையை நிறுத்தவில்லை. நடுராத்திரி நைட்டி நனைய வியர்த்து, கை நடுங்கி, மகனையே யாரென்று கேட்டிருக்கிறார். சுகர் இறங்கியதைப் புரிந்துகொண்டு மகன் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒருவேளைச் சாப்பாட்டைக்கூட விடக் கூடாது. இதைச் சொன்னால், “வீடியோல டாக்டர்தான் சொன்னாரு” என்று பதில் வருகிறது. அந்த டாக்டருக்கு உங்கள் மருந்துச் சீட்டு தெரியுமா?

சாப்பிட்டதும் படுப்பது

நெஞ்செரிச்சல் வரும். 2, 3 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

இட்லியை எண்ணி எண்ணெயை விடுவது

“ரெண்டே இட்லிதான்” என்பார்கள். தட்டில் பொடியைக் குவித்து, விரலால் நடுவில் குழி பறித்து, அது நிரம்பி வழியும்வரை நல்லெண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. அதாவது தட்டில் இருப்பது நாலு இட்லி.

மறுநாள் காலையே எடை பார்ப்பது

ராத்திரி கொத்து பரோட்டா, காலையில் மெஷினில் ஒரு கிலோ கூடுதல், உடனே பட்டினி. அந்த ஒரு கிலோ பெரும்பாலும் உப்பு பிடித்துவைத்த தண்ணீரும் இன்னும் குடலில் இருக்கும் சாப்பாடும். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். எந்தக் கையேந்தி பவன் தட்டிலும் அவ்வளவு கிடையாது. வாரக் கணக்கில் சராசரி பாருங்கள்.

நைட் ஷிஃப்டில் இருந்துகொண்டு பகல்காரர்களின் அட்டவணையைப் பிடிப்பது

வேண்டாம். கிளம்பும் முன் முழுச் சாப்பாடு, நடுவில் சின்னதாக ஏதாவது. விடியற்காலை கேப் இறங்கியதும் தெருமுனைக் கடையில் பூரி செட் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.