பரணில் கிடக்கும் பழைய துப்பாக்கியும் ஐந்தாண்டுச் சிறையும்

துப்பாக்கி வழக்கு என்றதும் கூலிப்படையும் கள்ளச்சந்தையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் தாத்தா வைத்திருந்ததைப் பரணிலேயே விட்டுவைத்த குடும்பஸ்தரும், காட்டுப்பன்றி விரட்ட ஒன்றை வாங்கி வைத்த விவசாயியும் அதே சட்டத்தில்தான் மாட்டுகிறார்கள். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைப் பொறுத்தவரை, உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலே குற்றம். ஒரு முறைகூடச் சுட்டதில்லை என்பது அங்கே எடுபடாது.

தண்டனை முன்பு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை இருந்தது. 2019 திருத்தத்துக்குப் பின் இரண்டாண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை, கூடவே அபராதம். சிறப்புக் காரணங்களைத் தீர்ப்பில் எழுதிவைத்தால்தான் நீதிபதி இரண்டாண்டுக்குக் கீழே போக முடியும். ஜாமீனில் விடமுடியாத பிரிவு என்பதால், காவல் நிலையத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்ப வழியில்லை.

அதிகம் பேர் செய்யும் தவறு, "அது துருப்பிடித்த இரும்பு, என்ன செய்துவிடப் போகிறது?" என்று இருந்துவிடுவது. பழைய, பழுதான ஆயுதங்களுக்குச் சட்டத்தின் 45-வது பிரிவில் விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாது என்ற நிலையில் இருக்க வேண்டும். விசை உடைந்திருக்கிறது, கட்டை உளுத்துவிட்டது என்பதெல்லாம் போதாது. ஒரு பட்டறையில் கொடுத்தால் சரியாகிவிடும் என்றால் அது துப்பாக்கிதான். அதைத் தடயவியல் நிபுணர் பார்த்துச் சொல்வதற்குள் வழக்குப் பதிவாகியிருக்கும்.

நாட்டுத் துப்பாக்கி விஷயத்திலும் இதே மெத்தனம். குழலுக்குள் கரிமருந்தையும் ரவையையும் இடித்து நிரப்பிச் சுடுவதுதானே, இதற்கெல்லாமா லைசென்ஸ் என்று மலைக்கிராமங்களில் கேட்பார்கள். சட்டம் அப்படி ரகம் பிரித்துப் பார்ப்பதில்லை. பயிரைக் காக்கத்தான் வைத்திருந்தேன் என்பதும் விலக்கு ஆகாது. அதைக் கொண்டு காட்டு விலங்கைச் சுட்டிருந்தால் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். இரவெல்லாம் பன்றிகள் கிழங்கைத் தோண்டித் தின்னும்போது விவசாயிக்கு வரும் ஆத்திரம் நியாயமானது. அந்த நியாயம் உரிமம் ஆகிவிடாது, அவ்வளவுதான்.

உரிமத்தோடு வைத்திருந்தவர் இறந்துவிட்டால்? அந்த உரிமம் அவரோடு முடிந்தது. வாரிசுகள் காரியம் முடிந்த கையோடு துப்பாக்கியையும் தோட்டாக்களையும் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். தங்கள் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிப்பது அதற்கப்புறம். அப்பாவுக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, 25 ஆண்டுகளாக அவர் கையில் துப்பாக்கி இருந்தாலோ, அவர் உயிரோடிருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக்கொள்ள 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள் இடம் தருகின்றன. பலருக்கு இது தெரிவதில்லை. ஆனால் பரம்பரைச் சொத்தாக வந்தாலும் ஒருவர் பெயரில் இரண்டுக்கு மேல் கூடாது. 2019-க்கு முன்பு மூன்று வரை அனுமதி இருந்தது.

உரிமம் இப்போது ஐந்தாண்டுக்குச் செல்லும். புதுப்பிக்க மறந்துவிட்டால், காலாவதியான நாளிலிருந்து நீங்களும் உரிமம் இல்லாதவர்தான்.

அடுத்தது, இரவல். தோட்டக் காவலுக்கு என்று காவல்காரரிடம் கொடுப்பது, மச்சான் கேட்டார் என்று கொடுத்தனுப்புவது. இப்படிச் செய்தால் வாங்கிய ஆள் உரிமம் இல்லாதவராக நிற்பார்; கொடுத்தவரின் உரிமத்துக்கும் ஆபத்து. பழுது பார்க்கவோ, உரிமத்தைப் புதுப்பிக்கவோ, உரிமதாரரே பயன்படுத்தவோ என்றால் மட்டும் உரிமம் இல்லாதவர் எடுத்துப்போகலாம்; அப்போதும் உரிமதாரர் கூட இருக்க வேண்டும் அல்லது எழுத்தில் அனுமதி தந்திருக்க வேண்டும். பலர் சேர்ந்து போகும் காரில் கள்ளத் துப்பாக்கி சிக்கினால், அது இருப்பதை அறிந்திருந்தார் என்று நம்பக் காரணமுள்ள ஒவ்வொருவர் மேலும் குற்றம் பாயும். இல்லை என்று நிரூபிப்பது அவரவர் பாடு.

தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். பையின் அடியில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவால் விமான நிலையத்தில் மாட்டியவர்கள் உண்டு. தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால் உயர் நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளை ரத்து செய்திருக்கின்றன. அந்த விடுதலைக்குள் வக்கீல் ஃபீஸும் அலைச்சலும் சேர்ந்துவிடும். ஏர்கன் வாங்குபவர்கள் 0.177 அங்குலக் குழலும் 20 ஜூல் ஆற்றலும்தான் எல்லை என்று நினைவில் வைத்தால் போதும். தாண்டினால் உரிமம் தேவை. கல்யாணத்தில் வானத்தை நோக்கிச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால், உரிமம் இருந்தாலும் இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதையெல்லாம் படித்துப் பயந்துபோய் யாருக்காவது விற்றுத் தொலைத்துவிடலாம் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். உரிமமின்றி விற்றாலோ கைமாற்றினாலோ ஏழாண்டு முதல் ஆயுள் வரை சிறை. பழுது பார்த்துக் கொடுக்கும் பட்டறைக்காரருக்கும் அதே பிரிவுதான். கிணற்றிலோ புதரிலோ வீசினால் வேறு யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. குறிப்பிட்ட நாளுக்குள் தாமாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று மாவட்டக் காவல்துறை அவ்வப்போது மலைக்கிராமங்களில் அறிவிக்கும். அந்தச் சமயத்தில் ஊர்ப் பெரியவர்களோடு போய்க் கொடுத்துவிடுங்கள். அப்படி அறிவிப்பு ஏதும் இல்லாத நேரமென்றால், துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறாமல், முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.