பசுமை நிதியில் பணம் போடுமுன்

பிரிக்ஃபீல்ட்ஸ் தேநீர்க் கடையில் யூனிட் டிரஸ்ட் (பலரின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் நிதி) முகவர் விரித்துக் காட்டும் கையேட்டின் அட்டையில் பச்சை இலை இருக்கிறது என்பதற்காக, நம் பணம் சுற்றுச்சூழலைக் காக்கும் தொழில்களுக்குத்தான் போகிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்த நிதி, மலேசியப் பங்கு ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டிகளின்கீழ் தகுதிபெற்ற எஸ்.ஆர்.ஐ. (நிலைத்தன்மையும் பொறுப்பும் கொண்ட முதலீடு) நிதிகளின் பட்டியலில் உள்ளதா என்று முதலில் பாருங்கள்.

அதோடு நிறுத்திவிடாமல், மாதாந்தர அறிக்கைத் தாளை வாங்கி, அதிகப் பணம் போடப்பட்டுள்ள முதல் சில நிறுவனங்களின் பெயர்களையும் படியுங்கள். ஒருமுறை நான் பார்த்த தாளில் முதல் ஐந்தில் மூன்று வங்கிகளாகவே இருந்தன. வங்கி புகை கக்குவதில்லைதான்; ஆனால் அது நிலக்கரி மின்நிலையத்துக்குக் கடன் தருகிறதா, சூரியசக்திப் பண்ணைக்குத் தருகிறதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. புர்சா மலேசியா பங்குச் சந்தையின் முதன்மைச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டிய நிலைத்தன்மை அறிக்கையில் இதைத் தேடலாம்.

பணம் எங்கே போகிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் பசுமைத் திட்டங்களுக்காக இஸ்லாமிய முறைப்படி வெளியிடப்படும் பசுமை சுக்குக் பத்திரங்களே மேல் என்பது என் கருத்து. 2017இல் தடாவ் எனர்ஜி நிறுவனம் வெளியிட்ட, உலகின் முதல் பசுமை சுக்குக் திரட்டிய 25 கோடி ரிங்கிட், சபாவின் கூடாட்டில் சூரியசக்தி நிலையம் அமைக்கவே ஒதுக்கப்பட்டது. இத்தகைய பத்திரங்களில் பெரும்பாலானவை பெரிய முதலீட்டாளர்களுக்கே விற்கப்படுவதால், அவற்றை வாங்கும் நிதிகளைப் பற்றி முகவரிடம் கேளுங்கள். நேரடியாகப் பங்கு வைத்திருப்போர் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலேயே கேள்வி எழுப்பலாம்.