நிஷிகசாயிலிருந்து ஆபீஸுக்கு: டோக்கியோ ரயிலில் முதல் வாரம்

டோக்கியோவுக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் பலர் நிஷிகசாயில்தான் வீடு பார்க்கிறார்கள். அங்கிருந்து ஊருக்குள் போக டோசாய் லைன், வானநீல நிறம். காலை நெரிசலுக்குப் பேர்போன லைன் இது. ஆனால் நான்கு விஷயம் தெரிந்துவிட்டால் பழகிவிடும்.

முதலில் கார்டு. சூயிகா, பாஸ்மோ என்று முன்பணம் ஏற்றிப் பயன்படுத்தும் கார்டுகள் இரண்டு உண்டு. எது வாங்கினாலும் சரி, எல்லா லைனிலும் செல்லும். மெஷினில் ஆங்கிலம் உண்டு. 500 யென் டெபாசிட். அதிகபட்சம் 20,000 யென் வரை பணம் ஏற்றலாம். பயணச் செலவைக் கம்பெனி கொடுக்கிறது என்றால் 'தெய்கி' என்ற சீசன் பாஸ் எடுங்கள். வீட்டு ஸ்டேஷனுக்கும் ஆபீஸ் ஸ்டேஷனுக்கும் இடையே எத்தனை தடவை வேண்டுமானாலும் போய் வரலாம். 1, 3, 6 மாதக் கணக்கில் கிடைக்கும்.

அடுத்து, ஸ்டேஷன் எண். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் எண்ணை நினைவில் வையுங்கள். நிஷிகசாய் டி16, ஊருக்குள் ஆபீஸ்கள் நிறைந்த ஓத்தேமாச்சி டி09. ஆபீஸுக்குப் போகும்போது எண் குறைந்துகொண்டே வந்தால் சரியான திசை.

பிளாட்ஃபார்மில் கோடு போட்ட இடத்தில் வரிசையாக நில்லுங்கள். இறங்குபவர்களுக்காகக் கதவின் இரண்டு பக்கமும் ஒதுங்கி, அவர்கள் முடித்ததும் ஏறுங்கள். முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். போன் சைலண்ட்டில் இருக்கட்டும், பேசவே வேண்டாம். காலையில் ஒரு பெட்டி பெண்களுக்கு மட்டும். தரையிலேயே குறி இருக்கும், பார்த்து நில்லுங்கள். கதவோரம் நிற்கிறீர்களா? வழியில் ஸ்டேஷன் வந்தால் நீங்களும் வெளியே இறங்கி, ஓரமாக நின்று, மறுபடி ஏற வேண்டும். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், உங்கள் இடத்தை யாரும் பறிக்கமாட்டார்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் "சுமிமாசென், ஒரிமாசு" என்று சொல்லுங்கள். 'மன்னிக்கணும், இறங்கணும்' என்று அர்த்தம். சொன்னதும் வழி விடுவார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். காலையில் கவலையே இல்லை, நிஷிகசாயில் நிற்கிற எந்த வண்டியிலும் ஏறலாம். மாலையில்தான் கவனம் வேண்டும். ஓத்தேமாச்சியில் வரும் வண்டிகளில் 'கைசொகு' என்ற விரைவு வண்டியும் உண்டு. அது தோயோச்சோ ஸ்டேஷனை விட்டால் அடுத்து நிற்பது உராயாசுவில்தான், நடுவில் இருக்கும் நிஷிகசாயில் நிற்காது.

முதல் வாரம் எனக்கு இது தெரியாது. சுரங்கத்திலிருந்து வண்டி மேலே ஏறி அரகாவா ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது. பையைச் சரிசெய்து கதவருகே நின்றேன். என் ஸ்டேஷன், அதன் விளக்குகள், பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, எல்லாம் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைந்தன. வயிற்றைப் பிசைந்தது. உராயாசுவில் இறங்கி, எதிர்த்திசையில் சாதா வண்டி பிடித்து, இரண்டு ஸ்டேஷன் திரும்பி வந்தேன். ஆகவே ஏறும் முன் அறிவிப்புப் பலகையில் 'லோக்கல்' என்று ஆங்கிலத்தில் வருகிறதா என்று பாருங்கள். கைசொகுவில் ஏறிவிட்டது தெரிந்தால் தோயோச்சோவில் இறங்கி அடுத்த லோக்கல் வண்டிக்குக் காத்திருந்தால் போதும்.

கேட்டில் கார்டு வைத்ததும் சத்தம் கேட்டுக் கதவு மூடினால் பதற வேண்டாம், பெரும்பாலும் பணம் குறைந்திருக்கும். பின்னால் வருபவர்களுக்கு வழி விட்டு, பக்கத்திலிருக்கும் கட்டணம் சரிசெய்யும் மெஷினில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

அப்புறம், வண்டி தாமதமானால் தாமதச் சான்றிதழ் கிடைக்கும். வாங்கி ஆபீஸில் கொடுத்துவிடுங்கள்.