பிள்ளைகள் வந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு

வேலைக்குப் போகும் பிள்ளைகள் வார இறுதிக்கு வீட்டுக்கு வந்தால், காலையில் எழுப்பாதீர்கள். வாரம் முழுக்க அலாரத்துக்கு எழுந்தவர்கள், தூங்கட்டும். காலை உணவையும் மதிய உணவையும் சேர்த்து 11 மணிக்கு ஒரே சாப்பாடாக வைத்துவிடலாம். முட்டை, ரொட்டி, உருளைக்கிழங்கு, பழம் போதும். அதற்கு மேல் செய்யப்போனால் நீங்கள் அடுப்படியிலேயே நிற்க வேண்டியிருக்கும். பேச நேரம் இருக்காது.

உருளைக்கிழங்கை முந்தைய இரவே வேகவைத்து, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். குளிர்ந்த கிழங்கு இறுகியிருக்கும். காலையில் துண்டு போட்டு வதக்கினால் குழையாமல் பொன்னிறமாக முறுகும். முட்டையை எல்லோரும் பல் துலக்கிவிட்டு வந்த பிறகே போடுங்கள். கொதிக்கும் நீரில் 7 நிமிடம் என்றால் மஞ்சள் கரு இளக்கமாக இருக்கும், 11 நிமிடம் என்றால் கெட்டியாகிவிடும். எடுத்தவுடன் குளிர்ந்த நீரில் போட்டால் மேற்கொண்டு வேகாது. நறுக்கிய ஆப்பிளில் எலுமிச்சைச் சாறு தடவினால் சீக்கிரம் கறுக்காது. மிஞ்சியதை 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம்: பாத்திரங்களை நீங்களே தனியாகக் கழுவிவிடாதீர்கள். போன முறை நான் கழுவ, மகள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தட்டாகத் துடைத்தாள். இப்போது பார்க்கும் வேலையை விட்டு வேறு வேலைக்கு மாற நினைப்பதை, கடைசித் தட்டைத் துடைத்துக்கொண்டே அப்போதுதான் சொன்னாள்.